விடை எத்தனை மடங்கு தப்பியது? வரிசை மாற்றக் கணக்கில் பிழை பிடிக்கும் வழி

பிளஸ் ஒன் கணிதத்தில் வரிசை மாற்றமும் சேர்வும் வரும் பாடம் ஒரு விதத்தில் மோசமானது. மற்ற பாடங்களில் தப்புச் செய்தால் கணக்கு நடுவழியில் எங்காவது முட்டிக்கொண்டு நிற்கும். வர்க்கமூலத்துக்குள் குறை எண் வரும், இரண்டு பக்கமும் சமமாகாது, ஏதோ ஒன்று காட்டிக்கொடுக்கும். இங்கே எப்படிப் போட்டாலும் சுத்தமான முழு எண் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. 720-ஐப் பார்த்து அது சரியா தப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. புத்தகத்தின் பின்பக்கம் திருப்பி, அங்கே 1440 என்று இருந்தால்தான் தெரியும். உடனே 2-ஆல் பெருக்கிவிட்டு "வந்துடுச்சு சார்" என்று நிமிர்கிற பிள்ளைகள் சென்னையில் எந்த டியூஷன் சென்டருக்குப் போனாலும் உண்டு.

அந்த 2 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் போதும், பிழை பிடிபட்டுவிடும். அதனால் முதல் வேலை, உங்கள் விடையையும் புத்தகத்து விடையையும் எடுத்து, பெரியதைச் சிறியதால் வகுப்பது. ஈவு 2, 6, 24 என்று ஃபேக்டோரியலாக (1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி வருவது; 3! என்றால் 3 × 2 × 1 = 6) வந்தால், வரிசையைத் தேவையில்லாமல் எண்ணியிருக்கிறீர்கள், அல்லது எண்ண வேண்டிய இடத்தில் விட்டிருக்கிறீர்கள். கணக்கில் உள்ள ஆட்களின் எண்ணிக்கையே ஈவாக வந்தால், ஆட்கள் வட்டமாக நிற்கும் கணக்கோ என்று சந்தேகப்படுங்கள். 2.5, 1.41 என்று அசிங்கமான பின்னம் வந்தால் பெரும்பாலும் பெருக்கலில் கோளாறு இருக்காது. ஏதோ ஒரு வகையைக் கழிக்காமலோ கூட்டாமலோ விட்டாகிவிட்டது. அப்போது வகுப்பதை விட்டுவிட்டு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

இனி ஒவ்வொரு அறிகுறியாக.

720 வந்தது, புத்தகத்தில் 120

ஈவு 6, அதாவது 3!. ஃபிளாட் அசோசியேஷன் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 10 வீட்டுக்காரர்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பேரைத் தேர்ந்தெடுக்க 10 × 9 × 8 = 720 வழிகள். தண்ணீர் லாரி விவகாரத்தைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் கொண்ட குழு என்றால் 720-ஐ 6-ஆல் வகுத்து 120. ஆட்கள் அதே 10, தேர்வாகிறவர்கள் அதே 3. ஆனால் முதல் கணக்கில் தலைவரையும் பொருளாளரையும் இடம் மாற்றினால் கூட்டத்தில் சத்தம் வரும். இரண்டாவதில் மாற்றினால் யாருக்கும் தெரியவே தெரியாது.

சோதனையும் அதுதான்: தேர்ந்தெடுத்தவர்களில் இரண்டு பேரை மனதுக்குள் இடம் மாற்றிப் பாருங்கள். வேறு ஏற்பாடு ஆகிவிட்டதென்றால் வரிசை மாற்றம். ஆகவில்லை என்றால் சேர்வு. "தேர்ந்தெடு" என்று வந்தால் சேர்வு, "அமர்த்து" என்று வந்தால் வரிசை மாற்றம் என்று சொல்லை வைத்து மனப்பாடம் செய்வது பாதி நேரம் கவிழ்த்துவிடும். மேலே சொன்ன இரண்டுமே "தேர்ந்தெடுக்கும்" கணக்குகள்தான்.

இதில் பாதி வரிசை, பாதி சேர்வு என்று கலந்தும் வரும். ஒரு செயலாளர், இரண்டு சாதாரண உறுப்பினர்கள் என்று கேட்டால் செயலாளருக்கு 10 வழி, மீதி 9 பேரில் இருவருக்கு 9 × 8 ÷ 2 = 36 வழி, ஆக 10 × 36 = 360. உங்களுக்கு 720 வந்திருந்தால் ஈவு 2. அந்த 2 எதைச் சொல்கிறது? இடம் மாற்றினாலும் வித்தியாசம் தெரியாத ஆட்கள் இரண்டே பேர் என்பதை. ஈவை இப்படிப் படிக்கப் பழகிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது என்பது என் எண்ணம்.

ஊர்ப் பெயரை மாற்றி எழுதச் சொன்னார்கள், 4 மடங்கு அதிகமாக வருகிறது

இந்த வகையில் நம் ஊர்ப் பெயர்களே நல்ல தீனி. மயிலாப்பூர் சுலபம்: ம, யி, லா, ப், பூ, ர். ஆறும் வேறு வேறு, 6! = 720, முடிந்தது. நுங்கம்பாக்கத்துக்கு வாருங்கள். நு, ங், க, ம், பா, க், க, ம். எட்டு எழுத்து. 8! = 40320 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால் விடை 10080.

ஈவு 4. அது ஃபேக்டோரியல் கிடையாதே என்று குழம்ப வேண்டாம், 2! × 2!. க இரண்டு முறை, ம் இரண்டு முறை. இரண்டு ம்-களில் ஒன்றுக்குச் சிவப்பு மை, இன்னொன்றுக்கு நீல மை அடித்தால் அவற்றை இடம் மாற்றுவது தெரியும். ஒரே மையில் எழுதினால் தெரியாது. 40320 என்பது வண்ண மையில் எழுதிய கணக்கு. கேட்டதோ ஒரே மையில். அதனால் ஒவ்வொரு இரட்டைக்கும் 2!-ஆல் வகுக்கிறோம். ஒரே எழுத்து மூன்று முறை வந்தால் 3! = 6-ஆல் வகுக்க வேண்டும்; 3-ஆல் வகுப்பது அடிக்கடி பார்க்கிற தப்பு.

விடை 3360 என்று வந்தவர்கள் இருக்கிறீர்களா? க் என்பதையும் க-வோடு சேர்த்து மூன்று க என்று எண்ணி 3! × 2! = 12-ஆல் வகுத்திருக்கிறீர்கள். க வேறு எழுத்து, க் வேறு எழுத்து; புள்ளியைக் கண் தாண்டிவிடுகிறது. அதே மாதிரி தண்டையார்பேட்டையில் ட், டை, டை என்று மூன்றைப் பார்த்து மயங்கக் கூடாது. எட்டு எழுத்தில் டை மட்டும்தான் இரண்டு முறை, ஆகவே 8!-ஐ 2-ஆல் வகுத்து 20160. எழுத்துகளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து எழுதிவிட்டுத் தொடங்குங்கள், பத்து விநாடி வேலை.

"ம் எப்படி சார் சொல்லுக்கு முதலில் வரும்?" என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு சபாஷ். தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராதுதான். ஆனால் இந்தக் கணக்கு பொருளுள்ள சொற்களைக் கேட்கவில்லை, எழுத்துகளை வரிசையில் வைக்கும் வழிகளைக் கேட்கிறது. மெய் முதலில் வரக்கூடாது என்று கணக்கே நிபந்தனை போட்டால் மட்டும் அதைப் பாருங்கள்.

அருகருகே நிற்க வேண்டும் என்ற கணக்கில் பாதிதான் வருகிறது

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை, பெண் உட்பட 8 பேர் போட்டோவுக்கு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மணமக்கள் சேர்ந்தே நிற்க வேண்டும். இருவரையும் ஒரு பொட்டலமாகக் கட்டி, 7 பொருள், 7! = 5040 என்று முடித்துவிடுகிறார்கள். விடை 10080. விட்டுப்போன 2, பொட்டலத்துக்குள்ளே இருக்கிறது: பெண் மாப்பிள்ளைக்கு இடது பக்கமா, வலது பக்கமா? (நிஜக் கல்யாணத்தில் பெண் எந்தப் பக்கம் நிற்பது என்பதை வீட்டுப் பெரியவர்கள் முடிவுசெய்துவிடுவார்கள். அப்படி பக்கம் நிச்சயமாகிவிட்டால் 5040-தான் சரி.) மூன்று பேர் பொட்டலம் என்றால் உள்ளே 3!. பொட்டலம் கட்டிய கையோடு உள்வரிசையையும் எழுதிவிடுங்கள், கடைசியில் பெருக்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் மறந்துபோகும்.

சேரவே கூடாது என்ற கணக்கில் 2.5 மடங்கு அதிகம்

இதுதான் இந்தப் பாடத்திலேயே அதிகம் பேரைக் கவிழ்ப்பது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அதே போட்டோ, 8 பேர். அதில் மூன்று ஓரகத்திகள். எந்த இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க மாட்டார்களாம். மொத்தம் 40320. மூவரும் சேர்ந்து நிற்பது 6! × 3! = 4320. கழித்தால் 36000. புத்தகத்தில் 14400. வகுத்தால் 2.5. பின்னம் வந்துவிட்டது, ஆகவே கழித்ததில்தான் கோளாறு. "எந்த இருவரும் சேரக் கூடாது" என்பதற்கு எதிர், "மூவரும் சேர்ந்து நிற்கிறார்கள்" என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். இரண்டு பேர் மட்டும் ஒட்டி நின்று, மூன்றாமவர் தள்ளி நிற்கும் ஏற்பாடுகள் கழிபடவே இல்லை. அவை எத்தனை என்பதை வித்தியாசமே சொல்கிறது: 36000 − 14400 = 21600.

இரண்டே பேர் சேரக் கூடாது என்றால் மொத்தத்தில் கழிப்பது சரியான வழி. மூன்றோ அதற்கு மேலோ ஆனால் கழித்தலைத் தொடாதீர்கள், இடைவெளி முறைக்குப் போங்கள். சண்டை இல்லாத 5 பேரை முதலில் நிறுத்துங்கள், 5! = 120. அவர்களுக்கு இடையிலும் இரண்டு ஓரத்திலுமாக 6 இடைவெளி. முதல் ஓரகத்திக்கு 6 இடம், அடுத்தவருக்கு 5, மூன்றாமவருக்கு 4, ஆக 120. 120 × 120 = 14400.

இடைவெளி முறைக்கு வந்தும் 2880 கிடைத்தால், இரண்டு ஓரங்களை மறந்து 4 இடைவெளி என்று எடுத்திருக்கிறீர்கள்: 120 × 24. ஈவு 5 வரும். அது ஃபேக்டோரியலும் இல்லை, ஆட்களின் எண்ணிக்கையும் இல்லை. அப்படி எதிலும் சேராத முழு எண் வந்தால் எங்கோ ஓர் இடத்தின் எண்ணிக்கையைத் தப்பாக எடுத்திருக்கிறோம் என்று பொருள். ஐந்து புள்ளி வைத்து நடுவிலும் ஓரத்திலும் கோடு போட்டுப் பாருங்கள், ஆறு விழும்.

நான்கு இலக்க எண் கணக்கில் 504 கூடுதல்

0 முதல் 9 வரை, எந்த இலக்கமும் திரும்ப வராமல், எத்தனை நான்கு இலக்க எண்கள்? 10 × 9 × 8 × 7 = 5040 என்று வரும், விடை 4536. வித்தியாசம் 504 = 9 × 8 × 7. அவை பூஜ்ஜியத்தில் தொடங்குபவை. 0427 என்பது நான்கு இலக்க எண் இல்லை. ஆனால் ஏடிஎம் பின் நம்பரிலோ வண்டியின் நம்பர் பிளேட்டிலோ 0427 தாராளமாக வரலாம். கணக்கு "எண்" என்று கேட்கிறதா, "குறியீடு" என்று கேட்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு முதல் கட்டத்தை நிரப்புங்கள்.

அதிலேயே இரட்டைப்படை எண்கள் மட்டும் என்றால் வழக்கமான தப்பு 9 × 9 × 8 × 5 = 3240. இடமிருந்து நிரப்பிக்கொண்டு கடைசிக் கட்டத்துக்கு வந்து, 0, 2, 4, 6, 8 என்று 5 போட்டுவிடுகிறோம். அவற்றில் சிலதை முன்னாடியே செலவழித்திருப்போம் என்பது நினைவுக்கு வருவதில்லை. அதிக நிபந்தனை உள்ள கட்டத்தை முதலில் நிரப்ப வேண்டும். இங்கே ஒன்றின் இடத்துக்கும் ஆயிரத்தின் இடத்துக்கும் நிபந்தனை இருப்பதால், 0-ஐத் தனியாகப் பிரியுங்கள். ஒன்றின் இடத்தில் 0 இருந்தால் 9 × 8 × 7 = 504. 2, 4, 6, 8-இல் ஒன்று இருந்தால் 4 × 8 × 8 × 7 = 1792. மொத்தம் 2296.

சரிதானா என்று பார்க்க ஒற்றைப்படையையும் எண்ணிவிடலாம்: 5 × 8 × 8 × 7 = 2240. இரண்டையும் கூட்டினால் 4536. மேலே வந்த அதே எண். புத்தகத்தில் விடை இல்லாத கணக்குகளுக்கு இந்த மாதிரி எதிர்ப்பக்கத்தையும் எண்ணிக் கூட்டிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை கிடையாது.

720-ஆ 1000-ஆ? 125-ஆ 243-ஆ?

சென்னை மாநகர பின்கோடுகள் 600 என்று தொடங்கும். மீதி மூன்று இலக்கத்துக்கு எத்தனை வாய்ப்பு? 10 × 9 × 8 = 720 என்று போட்டால் தி.நகரின் 600017 மட்டும் தப்பிக்கும். மயிலாப்பூரின் 600004, மேற்கு மாம்பலத்தின் 600033 இரண்டும் காணாமல்போய்விடும். இலக்கம் திரும்ப வரலாம், ஆகவே 10 × 10 × 10 = 1000. ஒன்றை ஒரு கட்டத்தில் பயன்படுத்தினால் அது தீர்ந்துபோகிறதா என்று மட்டும் கேளுங்கள். ஆள் தீர்ந்துபோவார், நாற்காலி தீர்ந்துபோகும், இலக்கம் தீராது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி. கிண்டியில் 5 பேர் மெட்ரோ ஏறுகிறார்கள். ஒவ்வொருவரும் சின்னமலை, சைதாப்பேட்டை, நந்தனம் மூன்றில் ஏதோ ஒன்றில் இறங்குவார்கள். எத்தனை விதமாக இறங்கலாம்? 5 × 5 × 5 = 125 என்று எழுதுகிறவர்கள் நிலையங்களை முடிவெடுக்க விட்டுவிட்டார்கள். ஒரு நிலையத்தில் ஐந்து பேரும் இறங்கலாம், ஒருவருமே இறங்காமலும் போகலாம். ஆனால் ஓர் ஆள் ஒரே ஒரு நிலையத்தில்தான் இறங்க முடியும். ஆகவே முடிவெடுப்பது ஆள்: ஒவ்வொருவருக்கும் 3 வாய்ப்பு, ஐந்து முறை பெருக்கினால் 243. தபால் பெட்டியில் கடிதம், விரலில் மோதிரம் என்று எந்த வேஷத்தில் வந்தாலும், எது ஒன்றே ஒன்றில் அடங்குகிறதோ அதற்குத்தான் தேர்வுரிமை.

8! ÷ 4! = 2! என்று வந்தது

ஃபேக்டோரியல் குறிக்குள் சாதாரண வகுத்தல் செல்லாது. 8 × 7 × 6 × 5 = 1680. கூடவே, 0! என்பது 1. அதை 0 என்று எடுத்தால் எல்லோரையும் உட்கார வைக்கும் கணக்கில் (8 பேர், 8 நாற்காலி என்றால் 8! ÷ 0!) பூஜ்ஜியத்தால் வகுக்க நேரிடும்.

வட்டமாக நின்றால் 8 மடங்கு அதிகம்

எட்டுப் பெண்கள் கும்மியடிக்க வட்டமாக நிற்கிறார்கள். 8! = 40320, விடை 5040. எல்லோரும் ஓரடி வலது பக்கம் நகர்ந்தாலும் யாருக்கு யார் பக்கம் என்பது மாறாது. அப்படி எட்டு நகர்வுகள், ஆகவே 8-ஆல் வகுக்கிறோம். எட்டு வேறு வேறு மணிகளைக் கோத்த மாலை என்றால் புரட்டியும் போடலாம், இன்னொரு 2-ஆல் வகுத்து 2520. மனிதர்களைப் புரட்ட முடியாது. நாற்காலிகளுக்கு எண் எழுதியிருந்தால் அது வட்டமே இல்லை, நேர்வரிசைதான், வகுக்காதீர்கள்.

அகராதி வரிசையில் 1 குறைகிறது, அல்லது 76 வருகிறது

வடபழனி என்ற சொல்லின் ஐந்து எழுத்துகளையும் மாற்றி மாற்றி எழுதி, அகராதி வரிசையில் அடுக்கினால் "வடபழனி" எத்தனையாவது? எழுத்துகளை முதலில் அகரவரிசையில் வையுங்கள்: ட, ப, வ, ழ, னி. வ-வுக்கு முன்னால் ட, ப என்று இரண்டு. ஒவ்வொன்றிலும் தொடங்குபவை 4! = 24, ஆக 48. அடுத்து வ-வில் தொடங்குபவற்றில் முதலாவது எது? மீதியை அப்படியே வரிசையாக எழுதினால் வ, ட, ப, ழ, னி. அது வடபழனியேதான். ஆகவே 49-ஆவது இடம்.

48 என்று எழுதியவர்கள் முன்னால் நிற்பவர்களை மட்டும் எண்ணி, தன்னை எண்ண மறந்தவர்கள். 76 என்று எழுதியவர்கள் ன-வை ந-வின் பக்கத்தில், ப-வுக்கு முன்னால் வைத்தவர்கள். அப்போது 72 + 2 + 1, அதோடு 1 சேர்ந்து 76 ஆகும். தமிழ் அகரவரிசையில் மெய்களில் கடைசி ன. ழ, ள, ற, ன என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் பொருந்தவில்லை

அப்படியென்றால் கணக்கைச் சுருக்குங்கள். 8 பேரை 4 ஆக்குங்கள், எல்லா ஏற்பாட்டையும் கையால் எழுதுங்கள், உங்கள் வழி அதே எண்ணைத் தருகிறதா என்று பாருங்கள். பழைய ஆட்களும் இப்படித்தான். 1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் ஒரு கணக்கு வருகிறது: பத்துக் கைகளில் பத்து ஆயுதங்கள் ஏந்திய சிவன், அவற்றைக் கைமாற்றி ஏந்தினால் எத்தனை உருவம்? 36,28,800. இதை யாரும் எழுதிப் பார்க்க முடியாது. கூடவே அவர் நான்கு கைத் திருமாலையும் கேட்கிறார்: கதை, சக்கரம், தாமரை, சங்கு. விடை 24, ஒரு பக்கத் தாளில் அடங்கிவிடும். கேசவன், நாராயணன், மாதவன் என்று தொடங்கும் விஷ்ணுவின் 24 திருவுருவங்களைப் பிரித்துக் காட்டுவதும் எந்தக் கையில் எது என்பதுதான்.

சின்ன எண்ணிலும் உங்கள் வழி சரியாக வந்து, புத்தகம் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அச்சுப்பிழையாகவும் இருக்கலாம். கைடு புத்தகங்களில் அது அதிசயம் இல்லை. கணக்கின் வாசகமே இரண்டு பொருள் தரக்கூடும். அப்போது நீங்கள் எடுத்துக்கொண்ட பொருளை ஒரு வரியில் எழுதிவிட்டு விடையைப் போடுங்கள், திருத்துகிறவருக்குப் புரியும்.

பைத்தான் என்ற கணினி மொழி தெரிந்தவர்கள் அதில் உள்ள பெர்மியூட்டேஷன்ஸ் கருவியில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் "நுங்கம்பாக்கம்" என்று ஒரே சொல்லாகக் கொடுத்தால் கணினி தொங்கிவிடும். உகரக் குறி, கால், புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது. நமக்கு 8, அதற்கு 14. 14! என்றால் 8,717 கோடிக்கு மேல். அதனால் எட்டு எழுத்துகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பட்டியலாகக் கொடுங்கள். அப்போதும் 40320-தான் வரும், ஏனென்றால் இரண்டு ம்-களை அது வேறு வேறாகவே பார்க்கிறது. வந்ததை ஒரு செட்டில் போட்டால் ஒரே மாதிரி இருப்பவை உதிர்ந்து 10080 நிற்கும். 10 பொருள் வரை இப்படிச் செய்யலாம். 12 பொருள் என்றால் 47 கோடியே 90 லட்சம் ஆகிவிடும். அங்கே கணினியை மூடிவைத்துவிட்டு, 4 பொருளுக்குக் கையால் எழுதிப் பார்ப்பதுதான் வேகம்.